வானத்திலிருந்து விழுவது யாருக்குச் சொந்தம்? – ஒரு டீகோடர் பெட்டியின் கதை

1976-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பேராசிரியர் தன் வீட்டுத் தோட்டத்தில் பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தினார். பெயர் டெய்லர் ஹோவர்ட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலை. ஆராய்ச்சிக்கூடங்களில் கழித்துக் கட்டிய சாமான்களை வைத்து அவரே ஒட்டுப் போட்டுச் செய்தது. அதைச் செயற்கைக்கோள் இருக்கும் திசையில் திருப்பினால் எச்.பி.ஓ சேனல் பளிச்சென்று தெரிகிறது! காசு கட்டிப் பார்க்க வேண்டிய சினிமாச் சேனல், வீட்டுக் கொல்லையில் ஓசியில்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சத்தம் காட்டாமல் படம் பார்த்திருப்போம் :-) மனுஷன் நேர்மையானவர். "உங்க சேனலைப் பாக்குறேன், இந்தாங்க சந்தா"ன்னு 100 டாலருக்கு ஒரு செக் எழுதி எச்.பி.ஓ-வுக்கு அனுப்பி வைத்தார். அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் கேபிள் கம்பெனிகளோடு மட்டும்தான் வியாபாரம் செய்கிறோம், தனி ஆட்களுக்கு விற்பதில்லை என்று பதில்.

இந்தச் செக் திரும்பி வந்த கதையைப் படித்ததிலிருந்து எனக்கு மண்டைக்குள் ஒரே குடைச்சல். பின்னாளில் 'சிக்னல் திருடர்கள்' என்று பெயர் வாங்கிய கூட்டத்தின் முன்னோடி, காசு கொடுக்க முன்வந்தவர். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதற்கு அப்புறம் நடந்த பூட்டு, சாவி, கள்ளச் சாவி, கோர்ட், கேஸ் எல்லாவற்றையும் இந்த இடத்தில் நின்று பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. நான் படிப்பதும் சிக்னல் சம்பந்தப்பட்ட படிப்புதான் என்பதால் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். கொஞ்சம் நீளம், காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் அடிப்படை. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள். கீழே இருந்து அனுப்பும் நிகழ்ச்சியை வாங்கி மறுபடி பூமியைப் பார்த்து வீசுகிறது. அது ஒரு வீட்டைப் பார்த்து வீசுவதில்லை, ஒரு கண்டத்தையே பார்த்து வீசுகிறது. சந்தா கட்டியவன் கூரை, கட்டாதவன் கூரை, மாட்டுக்கொட்டகை எல்லாவற்றின் மேலும் மழை மாதிரி ஒரே அளவில் விழும். கேபிள் என்றால் ஒயரைப் பிடுங்கிவிடலாம். மழையை எப்படிப் பிடுங்குவது?

எச்.பி.ஓ 1975 செப்டம்பர் 30-ல் செயற்கைக்கோள் வழியாக நிகழ்ச்சி அனுப்ப ஆரம்பித்தது. மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதிய அந்தப் புகழ்பெற்ற குத்துச்சண்டைதான் தொடக்கம். அனுப்பியது கேபிள் கம்பெனிகளுக்காக. அவர்கள் பெரிய டிஷ் வைத்துப் பிடித்து ஒயரில் வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அதனால் சிக்னலுக்குப் பூட்டே போடவில்லை. எவன் வீட்டில் இவ்வளவு பெரிய டிஷ் வைக்கப் போகிறான் என்ற தைரியம். அப்போது டிஷ் வைக்க அரசு உரிமம் வேறு வேண்டியிருந்தது. 1979-ல் அந்த உரிமத்தைக் கட்டாயமில்லை என்று எடுத்துவிட்டார்கள். அதே வருடம் நீமன் மார்கஸ் என்ற பணக்காரக் கடை தன் கிறிஸ்துமஸ் பட்டியலில் ஒரு டிஷ்ஷைப் போட்டது. விலை 36,500 டாலர். அன்றைக்கு அந்தப் பணத்தில் வீடே வாங்கலாம். ஆனால் சில வருடங்களிலேயே விலை சில ஆயிரம் டாலருக்கு இறங்கிவிட்டது.

யார் வாங்கினார்கள் என்பது முக்கியம். நகரத்துக்காரனுக்குக் கேபிள் இருக்கிறது. இந்த ஊர் கிராமம் நம்ம ஊர்க் கிராமம் மாதிரி கிடையாது. ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் மைல் கணக்கில் சோளக்காடு. அந்தத் தூரத்துக்குக் கேபிள் இழுத்தால் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது, இழுக்கவும் மாட்டான். அவர்கள்தான் பத்தடி டிஷ் வாங்கிப் போட்டார்கள். நான் இருக்கிற ஊரை விட்டு பஸ்ஸில் வெளியே போனால் இன்னும் சில கொல்லைகளில் துருப்பிடித்து நிற்கிறது, கொடி படர்ந்து. 80-களின் நடுவில் இப்படிப் பத்து லட்சத்துக்கும் மேல் இருந்தன. 1984-ல் வந்த கேபிள் சட்டமும், பூட்டாத சிக்னலை வீட்டில் பார்ப்பது தப்பில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. பூட்டிய சிக்னலை அனுமதியில்லாமல் திறந்தால் தப்பு.

அம்புட்டுதான், சேனல்காரர்கள் பூட்டு தேட ஆரம்பித்தார்கள்.

1986 ஜனவரி 15. எச்.பி.ஓ முழு நேரமும் சிக்னலைக் கலைத்து அனுப்ப ஆரம்பித்த நாள். பூட்டின் பெயர் வீடியோசைஃபர் 2. சான் டியாகோவில் லிங்கபிட் என்ற கம்பெனியின் தயாரிப்பு. (அந்த லிங்கபிட்டை ஆரம்பித்தவர்களில் இரண்டு பேர், இர்வின் ஜேக்கப்ஸும் ஆண்ட்ரூ விட்டர்பியும், 1985-ல் குவால்காமைத் தொடங்கியவர்கள். நம்ம செல்போனுக்குள்ளே இருக்கிற அதே குவால்காம்!) டீகோடர் பெட்டி 395 டாலர். எச்.பி.ஓ சந்தா மாதம் 12.95 டாலர்.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்தது? படத்தை அவ்வளவாகக் குழப்பவில்லை. ஒவ்வொரு கோடும் எங்கே ஆரம்பிக்கிறது என்று டிவிக்குச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பை எடுத்துவிட்டு, வெளிச்சத்தையும் இருட்டையும் தலைகீழாக மாற்றினார்கள். சாதாரண டிவியில் படம் கிழிந்து வழியும். உண்மையான பூட்டு ஒலியில்தான். ஒலியை எண்களாக மாற்றி, டெஸ் என்ற முறையில் குறியாக்கம் செய்து, துடிப்பு இருந்த அந்தக் காலி இடத்திலேயே செருகி அனுப்பினார்கள். டெஸ் என்பது 1977-ல் அமெரிக்க அரசே தரமாக அறிவித்த முறை, வங்கிகள் பயன்படுத்தியது. வசனம் கேட்காமல் யார் இரண்டு மணி நேரம் படம் பார்ப்பார்கள்?

சரி, சாவி எப்படி வீட்டுக்கு வரும்? இங்கேதான் அழகே. நம்ம ஊர்த் தண்டோராவை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டோராக்காரர் தெருவில் சத்தம் போட்டால் எல்லோருக்கும் கேட்கும். ஆனால் காசு கொடுத்தவனுக்கு மட்டும் புரிய வேண்டும். அதனால் சங்கேத மொழியில் கத்துகிறார். மொழி மாதாமாதம் மாறும். புது மொழியைக் காசு கொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டுமே? அதையும் நடுத்தெருவில் நின்றுதான் கத்தியாக வேண்டும், வேறு வழி கிடையாது. ஆகவே முருகேசனுக்கும் தண்டோராக்காரருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசிய வார்த்தையில் மூடி முருகேசனுக்கு ஒரு தடவை, அந்தோணிக்கு அவர் வார்த்தையில் ஒரு தடவை, பாத்திமாவுக்கு ஒரு தடவை என்று கத்துவார். காசு கட்டாத கந்தசாமி பெயர் அந்த மாதம் வராது. கந்தசாமிக்குச் சத்தம் கேட்கும், அர்த்தம் தெரியாது.

டீகோடரும் இப்படியே. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண், உள்ளே புதைத்து வைத்த தனி ரகசியம். செயற்கைக்கோள் நிகழ்ச்சியோடு சேர்த்து, "இன்ன எண் பெட்டியே, உனக்கு இந்த மாதச் சாவி இது" என்று ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பின்னால் வந்த டிஜிட்டல் முறைகளில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் சேர்ந்தது. படத்தைத் திறக்கும் சாவி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும், அந்தக் குட்டிச் சாவிகளைத் திறக்க ஒரு பெரிய சாவி. ஆக, விற்கப்படுவது படம் இல்லைங்க. படம் ஏற்கெனவே கூரை மேல் விழுந்துவிட்டது. விற்கப்படுவது சாவி.

பண்ணை வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆயிரக்கணக்கில் செலவு பண்ணி டிஷ் வாங்கியவர்கள். இப்போது பெட்டிக்கு 395, மாதம் 12.95. டிஷ் விற்ற சின்னக் கடைக்காரர்களுக்கு வியாபாரமே படுத்துவிட்டது. அவர்களில் ஒருவர் ஃபுளோரிடா மாநிலம் ஒக்காலாவில் இருந்த ஜான் மெக்டூகல். கடை ஓடாததால் பக்கத்திலிருந்த செயற்கைக்கோள் ஒளிபரப்பு நிலையத்தில் பகுதிநேர வேலைக்குப் போனார். 1986 ஏப்ரல் 27 நள்ளிரவு தாண்டி 12.32. எச்.பி.ஓ-வில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் நிலையத்தின் பெரிய டிஷ்ஷை எச்.பி.ஓ-வின் செயற்கைக்கோள் பக்கம் திருப்பி, அவர்களை விட அதிக சக்தியில் தன் சிக்னலை ஏற்றினார். நாட்டின் கிழக்குப் பாதியில் எச்.பி.ஓ பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரையில் வண்ணப் பட்டைகள், அதன்மேல் 'கேப்டன் மிட்நைட்' என்ற பெயரில் ஒரு செய்தி. சாரம் இதுதான்: மாசம் 12.95 டாலரா? அதெல்லாம் நடக்காது! நாலரை நிமிடம் நீடித்தது.

ஒளிபரப்புத் துறை ஆடிப்போனது. திரையில் வந்த எழுத்தின் வடிவத்தை வைத்து எந்த வகை இயந்திரம் என்று கண்டுபிடித்து, அது இருக்கும் நிலையங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். நெடுஞ்சாலைத் தொலைபேசியில் அவர் பேசியது காதில் விழுந்த ஒரு பயணி தகவல் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. மாட்டினார். 5,000 டாலர் அபராதம், ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. செயற்கைக்கோளில் இப்படிக் குறுக்கிடுவதைப் பெரிய குற்றமாக்கி அதே 1986-ல் சட்டமும் வந்தது.

மெக்டூகல் செய்தது பொதுவில் போட்ட கூச்சல். அவர் எந்தப் பூட்டையும் திறக்கவில்லை. பூட்டைத் திறந்தவர்கள் சத்தமே இல்லாமல் வேலை பார்த்தார்கள். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். டெஸ் குறியாக்கத்தை அவர்கள் யாரும் உடைக்கவில்லை. உடைக்கத் தேவையே இல்லை! பெட்டியைத் திருகாணி கழற்றித் திறந்தார்கள். உள்ளே இருந்த சில்லை மாற்றினார்கள். காசு கட்டிய ஒரு பெட்டியின் எண்ணையும் ரகசியத்தையும் நகல் எடுத்து ஊர் முழுக்க இருக்கும் பெட்டிகளில் ஏற்றினார்கள். ஒரு முருகேசன் காசு கட்டுவார், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் முருகேசன். இன்னொரு வகைச் சில்லுக்கு 'மூன்று மஸ்கட்டியர்கள்' என்று பட்டப்பெயர். அந்த நாவலில் வரும் நண்பர்கள் எல்லோரும் ஒருவருக்காக, ஒருவர் எல்லோருக்காக அல்லவா? இதிலும் ஒரு மலிவான சேனலுக்குக் காசு கட்டினால் எல்லாச் சேனலும் திறந்துகொள்ளும். பூட்டுக்காரர்கள் நகல் எண்களைத் தேடி அணைப்பார்கள், இவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவுவார்கள். கடைசியில் 90-களின் ஆரம்பத்தில் பழைய பெட்டிகளையே செல்லாமல் ஆக்கிப் புது வகைப் பெட்டிக்கு மாற வேண்டியதாயிற்று.

ஏன் இவ்வளவு கஷ்டம்? ராணுவத்தில் ரகசியச் செய்தி அனுப்பினால் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே கட்சி, நடுவில் ஒட்டுக்கேட்பவன் எதிரி. சேனல் வியாபாரத்தில் பெறுகிறவரே வாடிக்கையாளர், சந்தேகப்பட வேண்டிய ஆளும் அவரேதான். சாவியை அவர் வீட்டு வரவேற்பறையில் வைத்துவிட்டு, அவரே அதைப் பார்க்கக் கூடாது என்றால் எப்படி? ராத்திரி முழுக்க அவர் அதோடு தனியாக இருக்கிறார், கையில் திருப்புளி வேறு :-) எவ்வளவு பெரிய கணிதம் போட்டாலும் இந்த இடத்தில் ஓட்டை விழுந்தே தீரும்.

1994-ல் டைரக்டிவி வந்தது. 18 அங்குல டிஷ், டிஜிட்டல் படம். இந்தத் தடவை ரகசியத்தைப் பெட்டிக்குள் வைக்கவில்லை, கழற்றி மாட்டக்கூடிய ஸ்மார்ட் கார்டில் வைத்தார்கள். பூட்டு போனால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம், புதுக் கார்டு தபாலில் அனுப்பினால் போதும். எதிர்பார்த்தபடியே கார்டையும் எழுதி மாற்றினார்கள். டைரக்டிவியோ வானத்திலிருந்தே கார்டுகளுக்குச் சின்னச் சின்ன மாற்றங்களை அனுப்பும். கள்ளக் கார்டு வைத்திருப்பவர்களும் அதை ஏற்றிக்கொண்டால்தான் படம் தெரியும். 2000-ன் கடைசி மாதங்களில் இப்படித் துண்டு துண்டாக ஏதேதோ வந்துகொண்டிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் அர்த்தமில்லாத துண்டுகள். எல்லாம் வந்து சேர்ந்ததும் அவை ஒன்றுகூடி ஒரு நிரலாகிவிட்டன. 2001 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. சூப்பர் பவுல் ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. நிரல் கண் விழித்தது. திருத்தப்பட்ட கார்டுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. செத்த கார்டுகளின் நினைவகத்தில் 'கேம் ஓவர்' என்று எழுதி வைத்திருந்தார்கள் என்று அப்போது விவரங்கள் வெளியாயின. அந்த வட்டாரத்தில் இதற்குப் பெயர் கறுப்பு ஞாயிறு.

தொழில்நுட்ப ரசிகனாக எனக்கு இது விசிலடிக்க வேண்டிய இடம். அதற்கு அப்புறம் நடந்ததுதான் உறுத்துகிறது. அடுத்த சில வருடங்களில், கார்டில் எழுதும் கருவியை வாங்கியவர்களின் பட்டியலைக் கைப்பற்றி, டைரக்டிவி 1,70,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மிரட்டல் கடிதம் அனுப்பியது, 24,000-க்கும் மேல் வழக்குப் போட்டது என்கிறது மின்னணு எல்லை அறக்கட்டளை என்ற உரிமை அமைப்பு. அந்தக் கருவியைக் கணினிப் பாதுகாப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வாங்கியவர்களும் உண்டு. சமரசத் தொகையை விட வக்கீல் செலவு அதிகம் என்பதால் பலர் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கினார்கள். கருவி வைத்திருந்தது மட்டுமே ஒருவர் மேல் வழக்குப் போடப் போதாது என்று 2004-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் அந்த வகை வழக்குகளைக் கைவிட டைரக்டிவி ஒப்புக்கொண்டது.

நம்மளை மாதிரி மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. 2003 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கைதானார். வயது 19. டைரக்டிவி தொடர்பான வழக்கு ஆவணங்களை நகலெடுக்கும் இடத்தில் வேலை பார்த்தபோது, புதுக் கார்டு பற்றிய ரகசியத் தாள்களை எடுத்து இணையத்துக்கு அனுப்பினார். காசுக்காகச் செய்யவில்லை. பொருளாதார உளவுச் சட்டத்தில் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார். பூட்டு உடைந்தால் கார்டு மாற்றலாம், ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் பெயரை மாற்ற முடியுமா?

கனடாவில் கதை இன்னும் வினோதம். அங்கே அமெரிக்கச் சேவைகளுக்கு விற்க அனுமதியில்லை. சிலர் அமெரிக்க முகவரி ஒன்றைக் காட்டி, மாதாமாதம் ஒழுங்காகக் காசும் கட்டிப் பார்த்தார்கள். 2002 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம், கனடாவில் அனுமதி பெற்ற நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பூட்டிய சிக்னலை, அது எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, திறப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆக, காசு கட்டியும் குற்றம். ஹோவர்டின் செக் மறுபடி திரும்பி வந்த மாதிரிதான்.

நம்ம ஊருக்கு வருவோம். 90-களில் தமிழ்நாட்டில் டீகோடர் வீட்டில் இல்லை, கேபிள்காரர் அறையில் இருந்தது. ஒரு பெட்டி, ஒரு கார்டு, பூட்டு திறந்த படம் ஒயரில் தெரு முழுக்க. சேனலுக்கு அவர் சொல்வதுதான் கணக்கு. ஐநூறு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு நூறு என்று சொன்னால் யார் எண்ணப் போகிறார்கள்? சில்லுக்கும் திருப்புளிக்கும் அவசியமே இல்லை! இதைச் சரிக்கட்டத்தான் வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் என்ற திட்டம் வந்தது. நான்கு பெருநகரங்களில் தொடங்கவிருந்த அது, 2003 செப்டம்பர் 1-ல் சென்னையில் மட்டும் நடைமுறைக்கு வந்தது. பெட்டி வாங்காத வீட்டில் கட்டணச் சேனல்கள் காணாமல் போயின. 1986-ல் அமெரிக்கப் பண்ணை வீட்டில் எழுந்த அதே புலம்பல், 17 வருடம் கழித்து மயிலாப்பூரிலும் வியாசர்பாடியிலும்.

அப்படியென்றால் சேனல்காரர்கள் செய்தது தப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். படம் எடுக்கக் காசு ஆகிறது, செயற்கைக்கோளுக்குக் காசு ஆகிறது. கள்ளக் கார்டு விற்றவர்கள் ஏழைப் பங்காளர்கள் ஒன்றும் கிடையாது, நல்ல லாபம் பார்த்த வியாபாரிகள். ஆனால் இந்தக் கதையில் பண்ணை வீட்டுக்காரரின் குறையை உண்மையில் தீர்த்தது பூட்டும் இல்லை, கள்ளச்சாவியும் இல்லை. 1992-ல் வந்த ஒரு சட்டம். அதுவரை கேபிள் கம்பெனிகளின் பிடியில் இருந்த சேனல்கள், செயற்கைக்கோள் சேவைகளுக்குத் தர மறுக்கவோ அநியாய விலை சொல்லவோ கூடாது என்றது அது. டைரக்டிவி மாதிரியான சேவை எழுந்து நிற்க அது பெரிய காரணம். கேபிள் வராத சோளக்காட்டு வீட்டுக்காரரும் முறையாகக் காசு கட்டி, முறையான சேனலைப் பார்க்க முடிந்தது. அவர் கேட்டதும் அவ்வளவுதானே?

இன்றைக்கு டிஷ்ஷே பழங்கதையாகி வருகிறது. இணையத்தில் பார்க்கும் படத்துக்கும் பூட்டு உண்டு, சாவி நம் போனுக்குள் இருக்கிறது. 2023-ல் நெட்ஃபிளிக்ஸ் கடவுச்சொல்லைப் பகிரக் கூடாது என்று கெடுபிடி செய்தபோது எனக்கு முருகேசன் ஞாபகம்தான் வந்தது. ஒரு முருகேசன் காசு கட்டுகிறார், ஊரெல்லாம் முருகேசன்! அதே சமயம், "இந்தப் படம் உங்கள் நாட்டில் கிடைக்காது" என்ற வாசகத்தைப் பார்க்காத வெளிநாட்டுத் தமிழர் இருக்கிறோமா? காசு கொடுக்கத் தயார், வாங்கத்தான் ஆள் இல்லை.

என் கட்சி இதுதான்: வானத்திலிருந்து விழுவதற்குப் பூட்டு போட விற்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் பூட்டு போடுகிறவர், சாவி கேட்டுக் காசோடு வருகிறவருக்கு நியாயமான விலையில் விற்கவும் கடமைப்பட்டவர். செக்கைத் திருப்பி அனுப்பிவிட்டுத் திருடன் என்று கத்துவதில் நியாயமில்லை. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்க மக்களே, சண்டை போடலாம் :-)

பி.கு: செக்கைத் திருப்பி வாங்கிய ஹோவர்ட் சும்மா இருக்கவில்லை. வீட்டு டிஷ்ஷுக்கான கருவிகள் செய்யும் கம்பெனியைக் கூட்டாளி ஒருவரோடு ஆரம்பித்தார், டிஷ்காரர்களுக்காக ஒரு சங்கம் உருவாகவும் காரணமானார். அந்த 100 டாலரை வாங்கிப் போட்டிருக்கலாம்!